எமில்டா அன்ரி வெட்டாத அழைப்புகள்

“பிள்ளை, நான் கதைச்சு முடிச்சது உங்கட கொம்பியூட்டருக்கு ஏன் தெரியேல்லை?”

எமில்டா அன்ரி எங்கள் வீட்டு வாசலில் நின்று இப்படிக் கேட்டார். கனடாவில், ஸ்காபரோவின் மோர்னிங்சைட்டில் இருவருக்கும் ஒரே கட்டடம்தான். நாங்கள் ஒன்பதாம் மாடி, அவர் பதினோராம் மாடி. அன்று எலிவேற்றர் பழுது. படியால் இறங்கி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. கையில், அவர் வேலை செய்த மொழிபெயர்ப்பு நிறுவனம் அனுப்பிய வேலைத் தரக் குறிப்பை அச்செடுத்து வைத்திருந்தார். அதில் ஏழு வரிகள் சிவப்பில் இருந்தன. ஒவ்வொரு வரியும் நிறுவனம் சோதிக்க எடுத்த ஒரு தொலைபேசி அழைப்பு; எல்லா அழைப்பையும் சோதிப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே, “மொழிபெயர்ப்பாளர் இடையில் விலகினார்” என்று இருந்தது.

“அன்ரி, கடைசியில ‘முடிந்தது’ எண்டு ஒரு பட்டன் வருமெல்லே, அதை அமத்தினனீங்களோ?” என்று கேட்டேன்.

“அமத்தினனான்.”

“வடிவா அமத்தினனீங்களோ?”

“பட்டனை வடிவா அமத்துறதெண்டா என்னெண்டு? பொட்டு வைச்சோ?”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்த நேரத்தில் நான் அவரை நம்பவில்லை என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். ஐம்பத்திரண்டு வயது, கண்ணாடி வேறு, எங்கேயோ தவறாக அழுத்துகிறார் என்று நினைத்தேன். “இனி ரெண்டு தரம் அமத்துங்கோ” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவர் சொன்ன “உங்கட கொம்பியூட்டர்” உண்மையிலேயே எங்களுடையதுதான். நான் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். வீட்டிலிருந்தே கோட் எழுதப் பழகினேன். அன்ரி வேலை செய்த மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் கொம்பியூட்டர் பகுதிக்கு ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். அந்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இங்கே வரும் ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். தெரிய வேண்டியவருக்குத் தெரியும்.

எமில்டா அன்ரி மன்னார்ப் பக்கம் பிறந்தவர். இருபத்திமூன்று வயதில் கனடாவுக்கு வந்தார். முதல் நான்கு வருடம் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில், இரண்டு அறையில் ஆறு பேராக இருந்திருக்கிறார்கள். பிளாஸ்ரிக் டப்பாவுக்கு மூடி போடும் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் நின்றவர். அங்கே பக்கத்தில் நின்றவர்கள் பிலிப்பீன்ஸ்காரரும் ஜமேய்க்காக்காரரும். அவர்களோடு பேசிப் பேசித்தான் இங்கிலிஷ் வந்தது.

ஒரு நாள் மச்சாளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு தமிழ்த் தாய். வைத்தியர் சொல்வதைத் தமிழில் சொல்ல அந்தத் தாயின் பதினொரு வயது மகளை நிறுத்தியிருந்தார்கள். வைத்தியர் கட்டி பெரிது, பரவியிருக்கிறது என்று சொன்னாராம். பிள்ளை தாயைப் பார்த்து, “அம்மா, சின்னக் கட்டி எண்டு சொல்லுறார், பயமில்லையாம்” என்றதாம். அன்ரி சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போய், “பிள்ளை, டொக்டர் அப்பிடிச் சொல்லேல்லை” என்று சொல்லியிருக்கிறார். தாதி ஓடி வந்து, நீ யார், வெளியே போ என்று துரத்தியிருக்கிறார்.

“அவள் பொய் சொல்லேல்லை. அவளுக்கு வாய் வரேல்லை. பதினொரு வயசில என்னெண்டு வரும்?” என்று அன்ரி ஒருமுறை எனக்குச் சொன்னார். அதே வருடம் மாலை வகுப்பில் சேர்ந்து மொழிபெயர்ப்புப் படித்தார். சோதனை எழுதினார். சத்தியம் செய்து கையெழுத்து வைத்தார். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன், கேட்ட எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்பதுதான் சத்தியம். ஒன்பது வருடமாக அந்த வேலை. ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வரும், லப்ரொப்பில் எடுப்பார், நோயாளிக்கும் வைத்தியருக்கும் நடுவில் குரலாக மட்டும் இருப்பார். மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் பெயரைச் சொல்லமாட்டார்கள், இலக்கம் மட்டும்தான்.

அவர் வேலை செய்யும் அறையை நான் பார்த்திருக்கிறேன். அறை என்று சொல்ல முடியாது. உடுப்பு அலுமாரியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு மேசையும் கதிரையும். கதவில் தடித்த போர்வை. கைபிடியில் நீலத் துவாய் தொங்கினால் வீட்டில் யாரும் தண்ணீர்க் குழாயைத் திறக்கக்கூடாது. குறிப்பெடுப்பது கடை விளம்பரத் தாளின் பின்பக்கத்தில். அழைப்பு முடிந்ததும் அதைக் கிழித்து ஒரு கோப்பைத் தண்ணீரில் போடுவார். எழுத்துக் கரைந்து கூழானதும்தான் குப்பைக்குப் போகும்.

அவருடைய கணவர் அருள்நாயகம் அங்கிள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், பகிடிக்காரர். “உவவின்ர வாய்க்குள்ள அரைவாசி ஸ்காபரோ படுத்திருக்குது. ஒரு ஆளைக்கூட எனக்கு எழுப்பித் தரமாட்டா” என்பார்.

அவர் பகிடியாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். இங்கே தமிழருக்குத் தமிழரைத் தெரியும். திரையில் பெயர் வரும் நோயாளி யாரோ ஒருவருடைய மாமா, யாரோ ஒருவருடைய பழைய வாடகைக்காரர். அதனால் அன்ரி பேச்சு முடிந்ததும் ‘முடிந்தது’ பொத்தானை அழுத்துவார், அடுத்த நொடியே பிரவுசர் பக்கத்தை மூடிவிடுவார். அடுத்த அழைப்புக்குத் திரும்பவும் திறப்பார். ஒரு நாளைக்குப் பதினைந்து தரம் திறந்து பதினைந்து தரம் மூடுவார். அப்படிச் செய்யும்படி நிறுவனம் சொல்லவில்லை. அவராக வைத்த பழக்கம். எனக்கு அது அப்போது தெரியாது.

ஏழு வரி ஒரு மாதத்தில் பத்தொன்பது ஆனது. பிறகு நாற்பத்தொன்று. அவர் பொத்தானை இரண்டு தரம் அழுத்தினார், பிறகு மூன்று தரம். சிவப்பு குறையவில்லை. நவம்பர் முதல் கிழமையில், விசாரணை முடியும்வரை வேலையில்லை என்று அறிவித்தார்கள். அத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். நிறுவனம் இன்னொன்றும் செய்தது. அந்த நாற்பத்தொரு அழைப்புக்கும் ஆஸ்பத்திரிகள் வழியாக நோயாளிகளின் வீடுகளுக்குக் கடிதம் போனது. “உங்கள் உரையாடல் முடிவதற்கு முன்னரே எமது மொழிபெயர்ப்பாளர் தொடர்பிலிருந்து விலகியதாகப் பதிவாகியுள்ளது. வருந்துகிறோம்.” யாரும் எழுதிய கடிதம் அல்ல. சிவப்பு வரி வந்தால் தானாகப் போகும் கடிதம்.

அதில் ஒன்று, பக்கத்து நகரமான அஜக்சில் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறது.

அன்ரி எங்கள் தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில், வேதாகமத்திலிருந்து முதலாம் வாசகம் வாசிப்பவர். ஏழெட்டு வருடமாக மாதத்தில் இரண்டு ஞாயிறு அவருடைய குரல்தான். ஒலிவாங்கி தேவையில்லாத குரல், கொஞ்சம் கரகரப்பு, சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காத குரல். ஆஸ்பத்திரி அழைப்பில் அவர் இலக்கம் மட்டும் சொன்னாலும் எங்கள் கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் குரலை அடையாளம் பிடிப்பார்கள்.

நவம்பர் கடைசி ஞாயிறு, பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றோம். கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண் நேராக அன்ரியிடம் வந்தார். நாற்பது வயது இருக்கும். அஜக்சிலிருந்து வந்தவர் என்று பிறகு மண்டபத்தில் சொன்னார்கள். கையில் மடித்த கடிதம்.

“நீங்கள்தானே?” என்றார்.

அன்ரி கோப்பையை மேசையில் வைத்தார்.

“உங்கட குரல் எனக்குத் தெரியாதோ? ஒக்ரோபர் பதினாறு. அப்பாவின்ர ஒப்பரேசனைப் பற்றி டொக்டர் சொன்னவர். இருபது நிமிசம் நான் உள்ளுக்கு நிண்டனான். பார்க்கிங் முடிஞ்சுபோச்சு எண்டு கீழ ஓடினனான். அரை மணித்தியாலத்தில வந்து பாக்க அப்பா தனிய இருக்கிறார். என்னப்பா சொன்னவை எண்டு கேட்டன். எல்லாம் சொன்னவை பிள்ளை எண்டார். எல்லாம் எண்டா என்ன? நீங்கள் வெட்டிப்போட்டுப் போட்டியள். அந்த மனிசன் என்னத்தை விளங்கிக் கையெழுத்து வைச்சதெண்டு எனக்கு இப்ப தெரியாது. ஒப்பரேசன் முடிஞ்சு எழும்பவே இல்லை.”

மண்டபத்தில் ஆட்கள் கோப்பையோடு அப்படியே நின்றார்கள்.

“நான் கேக்கிறது ஒண்டுதான். என்ன சொல்லாமல் விட்டனீங்கள்?”

அன்ரி அந்தப் பெண்ணின் கையைப் பிடிக்கப் போனார். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

“பிள்ளை, நானோ இல்லையோ எண்டு சொல்ல எனக்கு அனுமதி இல்லை” என்றார் அன்ரி.

“நல்லது. அப்ப நீங்கள்தான்.”

அவர் போய்விட்டார், அதன்பிறகு எங்கள் பூசைக்கு வரவில்லை. அன்ரி “நான் வெட்டவில்லை” என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அந்த அழைப்பில் இருந்தவர் தான் என்று ஒப்புக்கொண்டதாகும். யாருடைய நோய், என்ன சொன்னார்கள் என்பது மட்டுமல்ல, அந்த இடத்தில் தான் இருந்தேன் என்பதே சத்தியத்துக்குள் வரும் என்று அவர் நினைத்தார். நான் வாதாடிப் பார்த்தேன். “அந்தச் சத்தியம் உங்களைக் காப்பாத்தேல்லையே அன்ரி.” “அது என்னைக் காப்பாத்திறதுக்குச் செய்ததில்லை” என்றார். அன்றும் இன்றும் அந்த அழைப்பைப் பற்றி ஒரு சொல்கூட அவர் என்னிடம் சொன்னதில்லை. இங்கே நான் எழுதுவது அந்தப் பெண் மண்டபத்தில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னது மட்டும்தான்.

அடுத்த கிழமை வாசகப் பட்டியல் போடும் அகஸ்ரின் அங்கிள் வாசலில் வைத்து அவரை நிறுத்தினார்.

“எமில்டா, கொஞ்ச நாளைக்கு வேற ஆக்கள் வாசிக்கட்டும். சனம் கதைக்குது.”

“என்ன கதைக்குது அகஸ்ரின் அண்ணை?”

“உமக்குத் தெரியுந்தானே.”

“தெரியாது. என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லையே.”

அகஸ்ரின் அங்கிள் கையிலிருந்த பட்டியலைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஏற்கெனவே வேறு பெயர் எழுதியிருந்தது. அன்றிலிருந்து அன்ரி கடைசி வாங்கில் இருந்தார். பல்லவி பாடும்போது உதடு மட்டும் அசையும்.

அதற்குப் பிறகுதான் நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. உண்மையான அழைப்பின்போது யாரும் பக்கத்தில் இருக்கக்கூடாது. அதனால் ஒரு சோதனை அழைப்பு வைத்தோம். நான் வெளியில் அவர்களுடைய சோபாவில் என் லப்ரொப்போடு இருந்து வைத்தியராகப் பேசினேன். அருள்நாயகம் அங்கிள் நோயாளி. அன்ரி நடுவில்.

“டொக்டர், எனக்கு மனிசியால நெஞ்சு வருத்தம்” என்றார் அங்கிள்.

அன்ரி ஒரு எழுத்துக் குறைக்காமல் இங்கிலிஷில் சொன்னார். குரலில் சிரிப்பு இல்லை. நான் மருந்து சொன்னேன். அதையும் சொன்னார். கடைசியில், “நோயாளி எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டாரா என்று திரும்பச் சொல்லும்படி கேட்கலாமா, டொக்டர்?” என்று கேட்டார். அது அவர் ஒவ்வொரு அழைப்பிலும் கேட்கும் கேள்வி என்று பிறகு அங்கிள் சொன்னார். மூடிய கதவுக்கு வெளியே ஒன்பது வருடமாக அந்த ஒரு வரிதான் அவருக்கு விளங்கியிருக்கிறது.

பேச்சை முடித்தோம். நான் எழும்பிப் போய்க் கதவைத் திறந்து, போர்வையை விலக்கி எட்டிப் பார்த்தேன். அன்ரியின் விரல் பொத்தானை அழுத்தியது. ஒன்று, இரண்டு, மூன்று. உடனே மூலைக்குப் போய்ப் பக்கத்தை மூடியது.

“அன்ரி, ஏன் மூடினனீங்கள்?”

“மூடாமல்? பேரைத் திறந்து வைச்சுக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறதோ?”

நான் திரும்பி வந்து என் திரையைப் பார்த்தேன். தொடக்கக் குறிப்பு வந்திருந்தது. முடிவுக் குறிப்பு வரவில்லை. குறிப்புகளை வாங்கும் கொம்பியூட்டரின் வாசலில் ஒரு மறுப்பு மட்டும் பதிவாகியிருந்தது.

இதை விளங்கும்படி எழுத வேண்டும். எங்கள் பக்கத்தில் நடக்கும் ஒவ்வொன்றும், அழைப்பை எடுத்தது, பேசத் தொடங்கியது, ‘முடிந்தது’ அழுத்தியது எல்லாம், சின்னக் குறிப்புகளாக இன்னொரு கொம்பியூட்டருக்குப் போகும். அதை ரெலிமெற்றி என்பார்கள். ஒவ்வொன்றாக அனுப்பினால் பாரம் என்று ஐந்து விநாடிக்கு ஒருமுறை சேர்த்து அனுப்புவோம். கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தாள், வெளியே உறை. செப்ரெம்பர் வரை யார் அனுப்பினாலும் அந்தக் கொம்பியூட்டர் வாங்கிக்கொண்டது. பிறகு, கண்டவர்களும் குப்பை அனுப்புகிறார்கள், உறையின் மேல் ஒரு இரகசியச் சொல் இருந்தால் மட்டும் வாங்குவோம் என்று மாற்றினார்கள். உறையின் மேல் எழுதும் குறிப்புக்குப் பெயர் ஹெடர். அந்தச் சொல்லைச் சேர்க்கும் வேலையை எனக்குத் தந்தார்கள். சேர்த்தேன். பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சோதித்தேன். எல்லாம் போய்ச் சேர்ந்தது.

எனக்குத் தெரியாமல் போனது இதுதான். பக்கத்தை மூடும் நேரத்தில் அனுப்பப்படாமல் எஞ்சி நிற்கும் குறிப்புகளைக் கொண்டுபோக, பிரவுசர் தனியாக ஒரு வழி வைத்திருக்கிறது. பக்கம் போன பிறகும் அது போய்ச் சேரும். ஆனால் அந்த வழியில் போகும் உறையின் மேல் நாங்கள் விரும்பியதை எழுத பிரவுசர் விடாது. உள்ளே என்னவும் வைக்கலாம், வெளியே எங்கள் சொல்லை எழுத முடியாது. அது அதன் விதி, எல்லாருக்கும் தெரிந்த விதி, எழுதி வைத்திருக்கிறார்கள். நான் வாசிக்கவில்லை. நாங்கள் எடுத்துப் பயன்படுத்திய கோட் கடைசிக் குறிப்புகளை அந்த வழியாகத்தான் அனுப்புகிறது என்பதையும் பார்க்கவில்லை. வாசல் உறையைப் பார்த்தது, சொல் இல்லை, மறுத்தது. மறுத்ததைக் கேட்டுத் திரும்ப அனுப்ப அங்கே பக்கமே இல்லை. அன்ரி மூடியாயிற்று.

மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் காலையில் திறந்த பக்கத்தை மாலை வரைக்கும் அப்படியே விடுவார்கள். ஐந்து விநாடியில் எல்லாம் சொல்லோடு ஒழுங்காகப் போய்விடும். இருநூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒவ்வொரு அழைப்புக்கும் பக்கத்தை மூடியவர்கள் இரண்டே பேர். மற்றவர் சோமாலி மொழிக்காரர். அவரை ஒக்ரோபரிலேயே நிறுத்திவிட்டார்கள். தேடிப் பார்த்தேன், இலக்கம் மாறிவிட்டது.

இதையெல்லாம் சோபாவில் இருந்து அன்ரிக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப நான் கவனமா இருந்ததுதான் பிழை எண்டுறாய்” என்றார்.

“இல்லை அன்ரி. பிழை நான் போட்டதில. அந்தச் சொல்லைப் போட்டது நான்தான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“நீயோ?”

“ஓம்.”

“அப்ப அண்டைக்கு வாசலில நிண்டு, வடிவா அமத்தினனீங்களோ எண்டு கேட்டது?”

நான் லப்ரொப்பை மூடினேன். அங்கிள்தான் குறுக்கே வந்தார். “விடும். பேரைத் திறந்துபோட்டு இருந்தவைக்கு நூத்துக்கு நூறு, மூடினவளுக்கு முட்டை. நல்ல கொம்பனி.”

அன்ரி அவரைக் கவனிக்கவில்லை. எழும்பிப் போய்த் தண்ணீர்க் கோப்பையைக் கழுவினார். சோதனை அழைப்புக்கும் குறிப்பெடுத்து, கிழித்து, ஊறப் போட்டிருந்தார். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்: “அந்த வீட்டுக்குத் திருத்திக் கடிதம் போடுவினமோ?”

“போடத்தானே வேணும்” என்றேன்.

திங்கட்கிழமை என் மேலாளர் கிளிபோட்டிடம் போனேன். அவரும் எங்கள் தமிழ் ஆள். அஜக்சில் வீடு, ரயிலில் வந்து போகிறவர். பக்கம் மூடிய பிறகும் ஓடக்கூடிய, உறையில் எழுதவும் விடுகிற இன்னொரு வழி பிரவுசரில் இருக்கிறது. அளவு சின்னது, ஆனால் எங்கள் குறிப்புகளுக்குப் போதும். அதற்கு மாற்றி எழுதிக்கொண்டு போயிருந்தேன். பதினொரு வரி. ஒரு பின்னேர வேலை.

“குட் ஜொப். இண்டைக்கே போடு” என்றார்.

“அப்ப கடிதம்?”

“என்ன கடிதம்?”

“பிழையா அனுப்பின நாற்பத்தொரு கடிதத்துக்கும் திருத்தக் கடிதம்.”

கிளிபோட் கதிரையைத் திருப்பினார். “தங்கச்சி, அவ கதைச்சு முடிச்சவ எண்டு எங்களிட்டப் பதிவு இருக்கோ?”

“மறுத்த பதிவு இருக்கு. நாற்பத்தொரு அழைப்பு, நாற்பத்தொரு மறுப்பு. ஒவ்வொண்டுக்கும் நேரம் இருக்கு.”

“உள்ளுக்கு என்ன இருந்ததெண்டு தெரியுமோ?”

“இல்லை. மறுத்ததின்ர உள்ளடக்கத்தை வைச்சிருக்கிறேல்லை. ஃபோன் கொம்பனியிட்டக் கேட்டனான், அவை முப்பது நாளில அழிச்சுப்போடுவினமாம்.”

“அப்ப அவ முடிச்சவ எண்டு தெரியாது.”

“வெட்டினவ எண்டும் தெரியாதே, அண்ணை!”

“அதைத்தான் சொல்லுறன். தெரியாது எண்டு மாத்துவம்.”

அப்படியே செய்தார்கள். நாற்பத்தொரு வரியிலும் “இடையில் விலகினார்” என்பதை எடுத்துவிட்டு “தெரியாது” என்று போட்டார்கள். சிவப்பு சாம்பல் நிறமானது. வீடுகளுக்கு ஒன்றும் போகவில்லை. கடிதம் அனுப்பினால் பிழையை ஒப்புக்கொண்டதாகிவிடும், வழக்கறிஞர் வேண்டாம் என்கிறார் என்று கிளிபோட் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. “எனக்கு மேலயும் ஆக்கள் இருக்கினம்” என்றார். அன்ரி திரும்ப வரலாம், ஆனால் புது ஆளாகப் பதிந்து, பயிற்சியை முதலிலிருந்து செய்ய வேண்டும். மூன்று கிழமை கழித்து என் ஒப்பந்தம் முடிந்தது. அதைப் புதுப்பிக்கவில்லை.

நான் பதினோராம் மாடிக்குப் போய்ச் சொன்னபோது அன்ரி கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“தெரியாது எண்டோ போட்டிருக்கினம்?”

“ஓம் அன்ரி.”

“ஒன்பது வருசம். ஆற்றையோ அப்பாவுக்கு, ஆற்றையோ பிள்ளைக்கு, ஒரு சொல்லுப் பிசகாமல் சொல்லிக்கொண்டு இருந்தன். இப்ப நான் சொன்னனோ இல்லையோ எண்டு தெரியாதாம். உதோட நான் இன்னொருத்தருக்கு என்னெண்டு போய், உங்கட மனிசன் இனித் தப்பமாட்டார் எண்டு சொல்லுறது?”

“புதுசாப் பதியலாம் எண்டு சொல்லுகினம்.”

“பதிஞ்சால் அந்தப் பிள்ளைக்குத் தெரியவருமோ, தேப்பனுக்கு எல்லாம் சொன்னதெண்டு?”

“இல்லை.”

“அப்ப வேண்டாம்.”

இப்போது அவர் பாண் பொதி செய்யும் ஒரு வெதுப்பகத்தில் நிற்கிறார். காலை ஐந்தரைக்கு அங்கிள் கொண்டுபோய் விடுகிறார். மேசை இருந்த இடத்தில் உடுப்பு அலுமாரியைத் திரும்பப் பொருத்திவிட்டார்கள். போன மாதம் அங்கே வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பெண் ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து, அக்கா, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ என்று கேட்டிருக்கிறார். அன்ரி கையுறையைக்கூடக் கழற்றாமல், “எனக்கு இங்கிலிஷ் அவ்வளவு வராது” என்று சொல்லியிருக்கிறார். அதை அங்கிள்தான் எனக்குச் சொன்னார். இந்த முறை அவர் பகிடி விடவில்லை.

இதை எழுதப் போகிறேன் என்று அன்ரியிடம் சொன்னேன். “நான் உனக்கு ஒண்டும் சொல்லேல்லை. நீ எழுதினால் நான் வாசிக்கவும் மாட்டன்” என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அஜக்சில் இருக்கும் அக்கா, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. நீங்கள் மண்டபத்தில் சொன்ன திகதியை வைத்துப் பார்த்தேன். அன்று அன்ரி எடுத்த ஆஸ்பத்திரி அழைப்புகளில், அந்தக் கடிதம் போன அழைப்பு நாற்பத்தாறு நிமிடம் நடந்தது. நாற்பத்தாறாவது நிமிடத்தில்தான் அவருடைய பக்கம் மூடப்பட்டு, எங்கள் வாசல் அதன் கடைசிக் குறிப்பை மறுத்தது. முதல் இருபது நிமிடம் உள்ளே நின்றதாக நீங்களே சொன்னீர்கள். மிச்சம் இருபத்தாறு நிமிடமும் அந்தக் குரல் உங்கள் அப்பாவோடு இருந்தது. என்னை நம்ப வேண்டாம். வைத்தியர் எழுதி வைத்த குறிப்பில் அவர் பேசி முடித்த நேரம் இருக்கும். அதைக் கேட்டு வாங்கும் உரிமை அன்ரிக்கு இல்லை, எனக்கும் இல்லை. பிள்ளையான உங்களுக்கு இருக்கிறது. வாங்கிப் பாருங்கள். உங்கள் அப்பா “எல்லாம் சொன்னவை” என்று உங்களிடம் சொன்னது உண்மை.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பத்திரிகையை ஏதாவது தமிழ்க் கடை வாசலில் சும்மா எடுத்திருப்பீர்கள். வாசித்த பிறகு மரக்கறித் தோல் சுற்றிப் போட்டுவிட வேண்டாம். அஜக்சில் உங்களுக்குத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள், அவரை இன்னொருவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி. நிறுவனம் அந்த வீட்டுக்குக் கடிதம் போடாது. அன்ரி அந்தக் கதவைத் தட்டமாட்டார். நீங்கள் கைமாற்றிவிட்டால்தான் இது அங்கே போய்ச் சேரும்.